கரண்டையும் கட்டுத்துணியும்

மதரஸாவில் புதிதாகச் சேரும் சிறுவன் பெயர் சொல்லிப் பாடம் செய்யும் உடலுறுப்புகளுள் ஒன்று கரண்டை. உளூவின் ஃபர்ளுகளை ஒப்பிக்கையில் முகம், முழங்கை, தலை என்று வரிசையாக வந்து, கரண்டை வரை இரு கால்களையும் கழுவுதல் என்று முடிப்பான். கரண்டை எது என்று கேட்டால் பாதிப் பேர் குதிகாலைத் தொடுவார்கள். பாதத்துக்கு மேலே இரு புறமும் புடைத்து நிற்கும் எலும்பைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் விளங்கும். அல்மாயிதா அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தில் இதற்கு வரும் சொல் 'கஅப்'. புடைத்து நிற்பது, கணு என்பன அதன் பொருள்கள். மூங்கிலின் கணுவையும் அரபியர் கஅப் என்றே அழைத்தனர். தமிழரோ இவ்வுறுப்பைக் கணுக்கால் என்றனர். இரண்டு மொழிகளும் ஒன்றையே பார்த்து ஒரே விதமாகப் பெயர் வைத்திருக்கின்றன.

இந்தக் கணு முறிந்தாலும் பிசகினாலும் மனிதன் என்ன செய்தான் என்பதே இக்கட்டுரையின் பொருள். இதனை எழுதத் தூண்டியவை நம்மிடையே உலவும் இரண்டு எண்ணங்கள். எலும்பு முறிவு மருத்துவம் முழுவதும் மேலை நாட்டார் நமக்குத் தந்த ஒன்று என்பது முதலாவது. முறிவுக்குக் கட்டுப் போட்டால் போதும், கத்தி வைத்துத் தகடு பொருத்துவது தவக்குலுக்குப் பொருந்தாது என்பது இரண்டாவது. முதல் எண்ணம் வரலாற்றுக்குப் பொருந்தாதது. இரண்டாவது எண்ணம் பலருடைய நடையைக் கெடுத்திருக்கிறது.

நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அத்தீக் (ரலி) அவர்களின் செய்தி ஸஹீஹுல் புகாரியில் இரண்டு அறிவிப்புகளாக வருகிறது. இரவு நேரத்தில் ஒரு கோட்டையினுள் தமக்கு இடப்பட்ட பணியை முடித்துத் திரும்பும்போது, தரைக்கு வந்துவிட்டதாக எண்ணிப் படியிலிருந்து காலை எடுத்து வைத்து விழுந்துவிட்டார்கள். ஓர் அறிவிப்பில், கெண்டைக்கால் முறிந்தது, தலைப்பாகைத் துணியால் அதனைக் கட்டிக்கொண்டேன் என்கிறார்கள். மற்றோர் அறிவிப்பில், பாதம் மூட்டிலிருந்து நழுவியது என்கிறார்கள். ஹதீஸ் விரிவுரையாளர் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) இவ்விரண்டையும் இணைத்து, மூட்டும் நழுவியது, எலும்பும் முறிந்தது என்று விளக்கம் தருகிறார். முரண்போல் தோன்றிய இரு செய்திகளைப் பொருத்துவதற்காக எழுதிய விளக்கம் அது. ஆனால் இன்று எலும்பு மருத்துவர் ஒருவரிடம், படியில் கால் தவறி விழுந்தவரின் கணுக்கால் நழுவவும் செய்தது, மேலெலும்பு முறியவும் செய்தது என்றால் அவர் வியப்படைய மாட்டார். முறிவும் நழுவலும் சேர்ந்தே வருவது கணுக்காலின் இயல்பு. கடுமையான கணுக்கால் காயங்களில் அவர்கள் அன்றாடம் காண்பது அதுதான். நபி (ஸல்) அவர்கள் காலை நீட்டச் சொல்லித் தடவிக் கொடுத்ததும் அது குணமானதாக அந்த ஹதீஸ் முடிகிறது. முஃஜிஸாத் நிகழ்வதற்கு முன்னரே அந்தத் தோழர் கட்டுப் போட்டிருந்தார் என்பதை நாம் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்து போகிறோம்.

அனைவருக்கும் அவ்வாறு குணமாகிவிடவில்லை. உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் அவர்களுடைய மகனார் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) கைபரில் இரவில் தாக்கப்பட்டார்கள். அவர்களின் கை கால் மூட்டுகள் பிசகிப்போயின என்று புகாரி அறிவிக்கிறது. அங்கே வரும் 'ஃபதஅ' என்ற சொல், மணிக்கட்டும் கணுக்காலும் தம் இடத்தைவிட்டுத் திரும்பிக்கொள்வதைக் குறிப்பது. அதே புகாரியில் இன்னோர் இடத்தில், இப்னு உமர் (ரலி) தொழுகையின் இருப்பில் சம்மணமிட்டு அமர்வதைக் கண்டு அவர்களுடைய மகனும் அவ்வாறே அமர்ந்த செய்தி வருகிறது. அவர்கள் அதைத் தடுத்து, வலக்காலை நட்டு இடக்காலை மடிப்பதே ஸுன்னத் என்றார்கள். தாங்கள் மட்டும் இப்படி அமர்கிறீர்களே என்று மகன் கேட்டபோது, என் கால்கள் என்னைத் தாங்குவதில்லை என்பது விடையாக வந்தது. இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் படிக்கையில் எனக்கு மனம் கனக்கிறது. ஸுன்னத்துகளைப் பின்பற்றுவதில் இப்னு உமருக்கு நிகரானவர் அரிது. அவர்களுக்கும் அத்தஹிய்யாத்தின் அந்த இருப்பு இயலாமற்போனது. கால் மூட்டில் ஏற்படும் கேடு எவ்வளவு நீண்ட காலம் உடன் வரும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

முறிந்த இடத்தில் கட்டும் பத்தைக்கு ஃபிக்ஹு நூல்களில் ஜபீரா என்று பெயர். முறிந்ததைச் சீராக்குவது என்ற வேரிலிருந்து பிறந்த சொல். எலும்பைக் கூட்டுபவருக்கு முஜப்பிர் என்று பெயர் வந்ததும், கணிதத்தில் அல்ஜப்ரு என்ற துறைக்குப் பெயர் வந்ததும் அதே வேரிலிருந்துதான். தலையில் காயம்பட்டிருந்த ஒருவர் குளிப்புக் கடமையானபோது, குளித்தே ஆகவேண்டும் என்று உடனிருந்தோர் சொன்னதைக் கேட்டுக் குளித்து இறந்துபோனார். அதனை அறிந்த நபி (ஸல்) அவர்கள், அவர்தம் சாவுக்கு அவ்வாறு சொன்னவர்களே காரணம் என்று கடுமையாகக் கண்டித்தார்கள் என்பது அபூதாவூதில் உள்ள செய்தி. அறியாதவர் தீர்ப்புச் சொன்னால் உயிர் போகும் என்பதற்கு நாங்கள் மாணவர்களுக்குக் காட்டும் முதல் எடுத்துக்காட்டு அது. காயத்தின் மீது துணியைக் கட்டி அதன்மேல் மஸ்ஹு செய்வதற்கான சட்டங்கள் இத்தகைய செய்திகளைச் சுற்றியே வளர்ந்தன. அவற்றைப் பின்னர் சொல்கிறேன்.

சட்டம் வளர்ந்த அதே நூற்றாண்டுகளில் மருத்துவமும் வளர்ந்தது. குர்துபாவை அடுத்த அஸ்ஸஹ்ராவில் பிறந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (இறப்பு ஏறத்தாழ 1013) எழுதிய அத்தஸ்ரீஃப் முப்பது பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்துக்கு உரியது. அதில் எலும்பு முறிவுக்கும் மூட்டு நழுவலுக்கும் தனிப் பிரிவு உண்டு. மாவு ஆலையில் சுவரோரம் படியும் மாத்தூளை முட்டையின் வெள்ளைக்கருவில் குழைத்துப் பூசிக் கட்டச் சொல்கிறார். நம் ஊர் எலும்பு வைத்தியர்கள் உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதை அறிந்தவர்களுக்கு இது அன்னியமாகப் படாது. முறிவோடு தோலும் கிழிந்திருந்தால், புண்ணைப் பார்த்து மருந்திட வசதியாகக் கட்டில் அவ்விடத்தைத் திறந்து விடவேண்டும் என்றும் எழுதினார். அந்நூலின் முன்னுரையில் அவர் வருந்தும் செய்தி ஒன்று உண்டு. உடற்கூற்றியலை அறியாதவர்கள் கத்தியை எடுப்பதால் இக்கலை அழிந்து வருகிறது என்பது அது. ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்த வருத்தம் பழையதாகிவிடவில்லை.

இப்னு ஸீனா (இறப்பு 1037) அல்கானூன் நூலில் சொன்ன ஒரு கருத்தை இங்கே குறிப்பிட வேண்டும். எலும்பு முறிந்த உடனே பத்தை வைத்து இறுக்கிக் கட்டாதே, வீக்கம் தணியும் வரை, ஐந்தாம் நாள் வரையிலேனும் பொறுத்திரு என்பது அவர் முறை. இன்று கணுக்கால் முறிவுக்கு அறுவை செய்யும் மருத்துவர்களும் வீக்கம் மிகுந்திருந்தால் ஒரு வாரமோ இரண்டு வாரமோ காத்திருக்கிறார்கள். தோலில் மீண்டும் சுருக்கங்கள் விழுந்த பிறகே கத்தி வைக்கிறார்கள். விபத்து நடந்து பத்து நாளாகியும் இன்னும் ஆபரேஷன் செய்யவில்லையே என்று உறவினர் பதறுவதைப் பார்த்திருக்கிறேன். அது அலட்சியமன்று. கணுக்காலைச் சுற்றித் தசை மிகக் குறைவு, தோல் எலும்பை ஒட்டியே இருக்கிறது. வீங்கிய தோலை வெட்டினால் புண் ஆறாது. மூட்டு நழுவியிருந்தாலோ எலும்பு வெளியே தெரிந்தாலோ கதை வேறு. அப்போது முதல் சில மணி நேரமே முக்கியம்.

நாம் மாவுக்கட்டு என்றழைப்பதன் வரலாறும் கிழக்கிலிருந்தே தொடங்குகிறது. பத்தாம் நூற்றாண்டில் ஹிராத்தைச் சேர்ந்த அபூ மன்ஸூர் முவஃபக் பாரசீக மொழியில் எழுதிய மருந்து நூலில், முறிந்த எலும்பின்மேல் ஜிப்சச் சாந்தைப் பூசுவது சொல்லப்பட்டுள்ளது. பஸ்ராவில் பிரிட்டனின் தூதராக இருந்த வில்லியம் ஈட்டன், முறிந்த காலைச் சுற்றி ஜிப்சக் குழம்பை ஊற்றி இறுகவிடும் வழக்கம் அங்கிருப்பதைக் கண்டு எழுதினார். 1798 இல் அவருடைய நூல் வெளிவந்த பின்னர் ஐரோப்பியர் அதனைச் செய்து பார்த்தனர். ஆனால் ஊற்றிய சாந்து பாறைபோல் கனத்தது, நோயாளியைப் படுக்கையோடு பிணைத்தது. விடையைக் கண்டுபிடித்தவர் டச்சுப் படை மருத்துவர் அந்தோனியுஸ் மாத்தைசன். இழை நெருங்காத பருத்தித் துணியில் உலர்ந்த ஜிப்சப் பொடியைத் தேய்த்து, வேண்டும்போது நீரில் நனைத்துச் சுற்றினால் சில நிமிடங்களில் இறுகிவிடும் என்று 1852 இல் அவர் வெளியிட்டார். மேல் பூச்சு பஸ்ராவில் கண்ட அதே ஜிப்சம். புதிதாக வந்தது துணிதான்.

அந்தத் துணி நம் வீட்டு வாசலில் நெய்யப்படுகிறது என்பதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன். இராஜபாளையத்தில் 1936 இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா முதல் நூற்பாலையை நிறுவினார். நூலும் பருத்தியும் அவ்வூரின் பேச்சாகிவிட்டன. அருகிலுள்ள சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதிகளின் தறிகள் வேட்டி சேலையை விட்டு மருத்துவத் துணிக்குப் பெயர் பெற்றன. இன்று இந்தியாவின் பல மாநிலங்களில் உள்ள மருத்துவமனைகளுக்குப் பேண்டேஜும் காஸ் துணியும் இங்கிருந்து போகின்றன. அத்தெருக்களில் நடப்பவருக்கு விசைத்தறியின் ஓசை பழகிப்போயிருக்கும். தறியிலிருந்து இறங்கும்போது அத்துணி மங்கிய நிறத்தில் இருக்கும், தண்ணீரை ஏற்காது. பருத்தியின் இயற்கையான மெழுகு அதில் இருப்பதே காரணம். காரத்தில் அவித்து மெழுகை நீக்கி, வெளுத்து, உலர்த்திய பிறகே அது இரத்தத்தையும் நீரையும் உறிஞ்சும் மருத்துவத் துணியாகிறது. அதன் பிறகு வெட்டிச் சுருட்டுகிறார்கள். நெசவாளர்க்கு நெருக்கமான துணியே நல்ல துணி. இங்கே மட்டும் இழைகள் விலகி நிற்பதுதான் தரம். காஸ் என்ற சொல்லைக் காஸா நகரின் பெயரோடு இணைத்துச் சொல்லும் சொல்லாராய்ச்சியாளர் உண்டு. அனைவரும் அதை ஏற்றதில்லை. ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் அந்நகரின் மருத்துவமனைகளைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது இச்சொல் நினைவுக்கு வந்து வருத்துகிறது.

இவ்வளவு பெருமையும் கட்டுத்துணிக்கு உரியதே. ஆயினும் கட்டினால் நிற்காத முறிவுகள் உண்டு. கணுக்காலில் அவை மிகுதி. காரணம் அம்மூட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. கீழ்க்காலின் பெரிய எலும்பும் சிறிய எலும்பும் சேர்ந்து கீழே ஒரு கவையை உண்டாக்குகின்றன. நாம் தொட்டுக் கழுவும் உட்கரண்டையும் வெளிக்கரண்டையும் அக்கவையின் இரு சுவர்கள். அவற்றுக்கிடையே பரட்டெலும்பு தச்சன் இணைத்த பொருத்துப்போல் அமர்ந்திருக்கிறது. உடலின் முழு எடையும் அச்சிறிய பரப்பின் வழியாகவே இறங்குகிறது. ஒரு சுவர் முறிந்து பரட்டெலும்பு ஒரே ஒரு மில்லிமீட்டர் வெளிப்புறமாக நகர்ந்தாலும் எலும்புகள் தம்முள் தொடும் பரப்பு 42 விழுக்காடு குறைந்துவிடுகிறது என்று ராம்சே, ஹாமில்டன் ஆகிய இருவர் 1976 இல் அளந்து காட்டினர். எஞ்சிய பரப்பின்மேல் எடை முழுவதும் விழும்போது குருத்தெலும்பு தேய்கிறது. முதல் ஆண்டில் தெரியாது. பத்து ஆண்டு கழித்துப் பள்ளிவாசல் படியேறும்போது தெரியும். தொடையெலும்பு சற்று முன்பின்னாகக் கூடினால் உடல் பொறுத்துக்கொள்வதுண்டு. மூட்டுக்குள் முறிந்தது அப்படியன்று.

இந்த உண்மை விளங்க ஐரோப்பாவுக்கும் நெடுங்காலம் பிடித்தது. இலண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1756 இல் குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்தது. கிடந்த இடத்தை விட்டு அசைய மறுத்து, ஒரு கதவை விலைக்கு வாங்கி வரச்செய்து, கம்புகளில் அறைந்து, அதன்மேல் கிடத்தித் தூக்கிச் செல்லச் சொன்னாராம். காலை வெட்டி எடுப்பதே அன்றைய வழக்கம். அவர் கால் தப்பியது. பின்னர் 1768 இல் அவர் விவரித்த கணுக்கால் முறிவு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவருக்கே நேர்ந்தது அம்முறிவு என்று பலர் எழுதுகின்றனர். அது சரியன்று. கிளாஸ்கோவில் 1865 இல் ஜோசப் லிஸ்டர், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த பதினொரு வயதுச் சிறுவனின் புண்ணைக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் மூடினார். புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. அன்றுவரை எலும்பு வெளிவந்த முறிவு பெரும்பாலும் காலையோ உயிரையோ கொண்டுபோனது. மயக்க மருந்து, சீழ் தடுப்பு, 1895 இல் ராண்ட்கனின் எக்ஸ்ரே ஆகிய மூன்றும் வந்து சேர்ந்த பிறகே, நலமான தோலைத் திறந்து எலும்பைக் கூட்டலாம் என்ற துணிவு மருத்துவர்க்கு வந்தது. 1958 இல் சுவிட்சர்லாந்தில் மாரிஸ் முல்லரும் தோழர்களும் அமைத்த ஆய்வுக் குழு அதற்கு ஓர் ஒழுங்கைத் தந்தது: துண்டுகளை அதனதன் இடத்தில் துல்லியமாக வை, தகடும் திருகாணியும் கொண்டு உறுதியாக நிறுத்து, மூட்டை விரைவில் அசையவிடு. மாவுக்கட்டுக்குள் மாதக் கணக்கில் கிடந்து மூட்டு இறுகிப்போகும் துன்பம் அதனால் குறைந்தது.

எல்லாவற்றுக்கும் கத்தி என்று பொருளன்று. சுளுக்கு என்று நாம் சொல்வது பெரும்பாலும் வெளிக்கரண்டையின் கீழுள்ள இணைப்பு நார் இழுபடுவதோ கிழிவதோதான். அதில் மிகப் பெரும்பாலானவை ஓய்வு, கட்டு, பயிற்சி ஆகியவற்றால் தாமே ஆறும். மாதங்கள் கடந்தும் சமதரையில்கூடக் கால் மடங்கிக்கொண்டே இருப்பவர்க்கு மட்டும், ஸ்வீடனின் புரோஸ்ட்ரோம் 1966 இல் காட்டிய வழியில் கிழிந்த நாரையே இழுத்துத் தைக்கிறார்கள். குதிகால் நரம்பு என்று வழக்கில் சொல்லப்படும் குதிநாண் அறுந்தால் தைப்பதும் உண்டு, பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டித் தைக்காமலே சேர்ப்பதும் உண்டு. மூட்டு முழுவதும் தேய்ந்து இரவும் வலி தின்றால் பரட்டெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் ஒன்றாக இணைத்துவிடும் முறை பழையது. பிரிட்டனின் சார்ன்லி 1951 இல் அதனைச் செம்மைப்படுத்தினார். வலி போகும், அசைவும் போகும். செயற்கைக் கணுக்கால் மூட்டு 1970 களில் வந்தது. ஆனால் இடுப்பு, முழங்கால் மூட்டுகளைப்போல் அது எளிதில் வெற்றி பெறவில்லை. பிறவியிலேயே பாதம் உள்நோக்கி மடங்கிய குழந்தைகளுக்கு அமெரிக்காவின் அயோவாவில் போன்செட்டி வகுத்த முறையில் வாரந்தோறும் மாவுக்கட்டை மாற்றி மாற்றிப் பாதத்தைத் திருப்புகிறார்கள். இறுதியில் குதிநாணில் ஒரு சிறு வெட்டு. அவ்வளவே. கட்டும் கத்தியும் ஒன்றுக்கொன்று பகையன்று என்பதை இதைவிட அழகாகக் காட்டும் மருத்துவம் எனக்குத் தெரியவில்லை.

தமிழகத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் நரம்பு செயலிழந்து மடங்கிய கைகளையும் தொங்கும் பாதங்களையும் அறுவையால் சீர்செய்ய முற்பட்டார். பாதத்தைத் தூக்க இயலாதவர்க்குக் கணுக்காலின் உட்புறத்தில் ஓடும் நலமான தசைநாண் ஒன்றைப் பிரித்து, பாதத்தின் மேற்புறத்தில் கொண்டுவந்து பொருத்தும் முறை வேலூரிலும் கரிகிரியிலும் பலரை மீண்டும் நடக்க வைத்தது. சமூகம் ஒதுக்கி வைத்த மனிதர்களின் பாதங்கள் அவை. உணர்வற்ற பாதத்துக்கு வலியே காவல், அது போனால் புண் வந்தது தெரியாது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நீரிழிவு பெருகிவிட்ட இந்நாளில் அக்கருத்து நம் வீடுகளுக்கே வந்துவிட்டது. நீரிழிவு உள்ளவரின் கணுக்கால் வலியின்றி வீங்கிச் சிவந்தால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் கணுக்கால் காயத்துக்குக் குறைவில்லை. மலையடிவாரத் தோப்புகளில் தென்னை ஏறி விழுபவர், சதுரகிரி மலைப்பாதையில் கல் தடுக்கியவர், இரு ஊர்களுக்கும் இடையிலான சாலையில் இருசக்கர வாகனத்தோடு சரிந்தவர் என்று ஆண்டு முழுவதும் வருகிறார்கள். பலர் முதலில் போவது சுளுக்கு எடுப்பவரிடம். எலும்பு வைத்தியர்களைப் பழிப்பது என் நோக்கமன்று. மருத்துவமனைகள் எட்டாத காலத்தில் ஏழைகளின் எலும்பைக் கூட்டியவர்கள் அவர்களே. முன்கை முறிவுகளில் கைதேர்ந்தவர்கள் அவர்களிடையே இருந்தார்கள். ஆனால் எங்களிடம் ஓதிய மாணவர் ஒருவர் வண்டியிலிருந்து விழுந்து, மூன்று வாரம் எண்ணெய் பூசி நீவிவிடப்பட்ட பின்னர் எக்ஸ்ரே எடுத்தார். வெளிக்கரண்டை முறிந்து, பரட்டெலும்பு விலகியிருந்தது. முறிவு தவறான இடத்தில் கூடத் தொடங்கியிருந்ததால், முதல் வாரத்தில் ஒரு தகட்டோடு முடிந்திருக்க வேண்டியது, எலும்பை மீண்டும் பிரித்துச் சேர்க்கும் பெரிய அறுவையாயிற்று. நீவியவர் நல்ல மனிதர். அவருடைய விரல்களுக்கு ஒரு மில்லிமீட்டர் தெரியாது. யாருடைய விரல்களுக்கும் தெரியாது.

யார் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பதற்குக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992 இல் எளிய விதி ஒன்றை வகுத்தனர். அடிபட்ட உடனேயும் பின்னர் மருத்துவரிடம் வரும்போதும் நான்கு அடி எடுத்து வைக்க இயலாதவர், அல்லது உட்கரண்டை, வெளிக்கரண்டை எலும்புகளின் பின் விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலிப்பவர் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கரண்டை எது என்று உளூப் பாடத்தில் கற்ற எவரும் இதனைத் தம் வீட்டில் சோதித்துக்கொள்ளலாம். சிறு குழந்தைகளுக்கும், பாதத்தில் உணர்வு குறைந்தவர்க்கும் இவ்விதி பொருந்தாது. அவர்களை நேரே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

செலவைப் பற்றிய அச்சமும் தாமதத்துக்கு ஒரு காரணம். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும் என்ற நிலை முன்பு இருந்தது. முதியோர் அதனை எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்பார்கள். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைமுறையில் உள்ளது. சாலை விபத்தில் சிக்கியவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. காப்பீட்டு அட்டையை விபத்துக்குப் பின் தேடாமல் முன்னரே எடுத்து வைத்துக்கொள்வது நலம்.

இனி, அறுவைக்கு முன் மார்க்க நெறியில் எழும் ஐயங்கள். கட்டின்மேல் மஸ்ஹு செய்வதை நான்கு மத்ஹபுகளும் ஏற்கின்றன. காலுறையின்மேல் செய்யும் மஸ்ஹுக்கு உள்ளூரில் ஒரு நாள், பயணத்தில் மூன்று நாள் என்ற எல்லை இதற்கில்லை. தேவை நீடிக்கும்வரை செய்யலாம். ஹனஃபி மத்ஹபில் கட்டுப் போடும்போது உளூவோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. கட்டின் பெரும்பகுதியில் ஈரக்கையைத் தடவினால் போதும். புண் ஆறும் முன் கட்டு அவிழ்ந்து விழுந்தால் மஸ்ஹு முறிவதில்லை. ஆறிய பின் விழுந்தால் அவ்விடத்தைக் கழுவ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் உளூவோடு இருக்கையில் கட்டியிருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சிய இடத்தைக் கட்டு மூடியிருக்கக் கூடாது, மஸ்ஹோடு தயம்மும்மும் செய்ய வேண்டும் என்ற விவரங்கள் உண்டு. தம் மத்ஹபின் ஆலிமிடம் மாவுக்கட்டின் அளவைக் காட்டிக் கேட்டுக்கொள்வது சிறந்தது.

உள்ளே பொருத்திய தகடும் திருகாணியும் தோலுக்கு அடியில் இருப்பதால் உளூவுக்கோ குளிப்புக்கோ தடையில்லை. கழுவ வேண்டியது தோலைத்தான். மருத்துவம் செய்துகொள்வது தவக்குலுக்கு மாறானதா என்ற கேள்விக்கு, ஒவ்வொரு நோய்க்கும் மருந்தை அல்லாஹ் இறக்கியுள்ளான், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற கருத்துள்ள நபிமொழியே விடை. கணுக்கால் இணைக்கப்பட்டவர் இடக்காலைப் படுக்கவைத்து அமர இயலாது. அவர் இயன்றவாறு அமரலாம். கால்களை நீட்டியும் அமரலாம், சம்மணமிட்டும் அமரலாம். நிற்க முடிந்தவர் நின்றே தொழ வேண்டும், இருப்புக்கு மட்டும் சலுகை. மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழு, இயலாவிட்டால் அமர்ந்து, அதுவும் இயலாவிட்டால் படுத்து என்று நபி (ஸல்) அவர்கள் காட்டிய வரிசை இங்கும் பொருந்தும். வரிசையில் அருகில் நிற்பவர் கரண்டையோடு கரண்டை சேர்க்க வேண்டும் என்று, தையல் பிரிக்காத காலின்மேல் தம் காலை நெருக்காமல் இருந்தால் போதுமானது.